லெஃபெவ்ர்: ஒரு குடும்பப்பெயரின் பயணம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

பெயர் என்பது ஒருவரை அழைப்பதற்கு மட்டுமே ஏற்பட்டது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் ஒரு பெயரைக் கையில் எடுத்து, அது எங்கே பிறந்தது, எந்த ஊர்களில் தங்கியது, எந்தக் கடலைக் கடந்தது என்று தேடத் தொடங்கினால், அரசர்களின் வரலாற்றில் இடம்பெறாத எளிய மக்களின் வரலாறு நமக்குக் கிடைக்கிறது. அப்படி ஒரு பெயரைத் தேடிச் சென்ற கதையையே இக்கட்டுரையில் என் சக மாணவர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பூச்சியியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒருநாள் ழான் ஆன்றி ஃபாப்ர் என்னும் பிரெஞ்சு அறிஞரைப் பற்றிக் கூறினார். 1823-இல் தென் பிரான்சில் செய்ன் லெயோன் என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். குளவிகளையும் சாணவண்டுகளையும் வெயிலில் படுத்துக்கிடந்து பார்த்தவர். 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாகப் பூச்சிகளின் வாழ்க்கையை எழுதியவர். அவரைப் பற்றி மேலும் அறிய நூலகத்திற்குச் சென்றேன். அங்கே ஒரு பெயர் அகராதியில், 'ஃபாப்ர்' என்பதன் பொருள் 'கொல்லன்' என்று கண்டேன்.

சற்று நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஏனெனில் என் தந்தையார் இரும்புக் கொல்லர். ஊரில் இன்றும் என்னைப் பெயர் சொல்லி அழைப்பவர்களைவிட 'ஆசாரி மகன்' என்று அழைப்பவர்களே அதிகம்.

அன்று தொடங்கிய தேடலில், ஃபாப்ர் என்பது ஒரு பெரிய பெயர்க் குடும்பத்தின் தெற்கத்திக் கிளை என்றும், அக்குடும்பத்தில் மிகப் பரவலான பெயர் 'லெஃபெவ்ர்' என்றும் அறிந்தேன்.

பெயரின் வேர்

லத்தீன் மொழியில் 'ஃபாபெர்' என்று ஒரு சொல் உண்டு. கடினமான பொருளில் வேலை செய்யும் கைவினைஞன் என்பது அதன் பொருள். மரவேலை செய்பவனையும் அச்சொல் குறித்தது. உலோக வேலை செய்பவனையும் குறித்தது. நம் நாட்டில் 'கம்மாளர்' என்ற ஒரு சொல் தச்சரையும் கொல்லரையும் தட்டாரையும் ஒருங்கே குறிப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். காலப்போக்கில் பிரான்சு நிலத்தில் அச்சொல் இரும்பு வேலைக்காரனுக்கே உரியதாயிற்று.

வடக்கே வழங்கிய பழைய பிரெஞ்சு மொழியில் ஃபாபெர் என்பது 'ஃபெவ்ர்' என்று திரிந்தது. முன்னால் நிற்கும் 'லெ' என்பது ஆங்கிலத்தில் 'தி' என்கிறோமே, அதைப் போன்ற சுட்டுச்சொல். ஆக, லெஃபெவ்ர் என்றால் 'அந்தக் கொல்லன்', அதாவது ஊரார் அறிந்த கொல்லன்.

இதில் வியப்பு என்னவென்றால், ஃபெவ்ர் என்ற சொல் பிரெஞ்சு மொழியில் இன்று வழக்கில் இல்லை. கொல்லனை இப்பொழுது 'ஃபோர்ழெரோன்' என்கிறார்கள். பழைய சொல் 'ஓர்ஃபெவ்ர்', அதாவது பொற்கொல்லன் என்ற கூட்டுச்சொல்லுக்குள் மட்டும் ஒளிந்திருக்கிறது. பேச்சில் மறைந்துபோன சொல்லைப் பல்லாயிரம் குடும்பங்கள் தங்கள் பெயராகச் சுமந்து திரிகின்றன. பிரெஞ்சுப் பள்ளிச் சிறுவன் ஒருவனிடம் லெஃபெவ்ர் என்றால் என்ன பொருள் என்று கேட்டால், அவனுக்கு உடனே விடை தெரியாமல் போகலாம்.

ஊருக்கொரு கொல்லன், ஊருக்கொரு உச்சரிப்பு

பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிக்கலாம். தந்தையின் இயற்பெயரிலிருந்து வந்தவை ஒரு வகை. மார்த்தேன், பெர்னார் ஆகியவை இத்தகையன. இடத்தால் வந்தவை இன்னொரு வகை. துய்புவா என்றால் காட்டுப்பக்கத்தான், துய்போன் என்றால் பாலத்தடியான். உடல்தோற்றத்தால் வந்தவை மூன்றாவது. பெத்தி என்றால் குட்டையன், ரூ என்றால் செம்பட்டையன். நான்காவது வகை தொழிற்பெயர்கள். ஃபூர்னியே என்பவன் ரொட்டி அடுப்புக்காரன், மெய்னியே என்பவன் மாவு அரைப்பவன், லெஃபெவ்ர் கொல்லன்.

இவற்றுள் கொல்லன் பெயருக்கு இணையாக இத்தனை வடிவங்கள் கொண்ட பெயர் அரிது. பிரான்சு முழுவதும் ஒரே மொழி பேசிய நாடாக முன்பு இருக்கவில்லை. வடக்கில் ஒரு மொழி, தெற்கில் ஒக்சித்தான் என்னும் வேறொரு மொழி, மேற்கு முனையான பிரெத்தான் நாட்டில் முற்றிலும் வேறான கெல்திய மொழி. எனவே கொல்லன் ஒருவனே ஆயினும் பெயர் பலவாயிற்று.

வட எல்லையிலும் பிக்கார்தி, நார்மந்தி பகுதிகளிலும் லெஃபெவ்ர்; கிழக்கே ஃபிரான்ஷ் கோந்தேயில் ஃபேவ்ர்; சவோய் மலைநாட்டிலும் அதை ஒட்டிய சுவிட்சர்லாந்திலும் ஃபாவ்ர்; லாங்கதோக், புரொவான்ஸ் பகுதிகளில் ஃபாப்ர்; லிமூசேன், தோஃபினே பகுதிகளில் ஃபோர்; மேற்கே சில இடங்களில் லெஃபெய்வ்ர். பிரெத்தான் மொழியில் கொல்லன் 'கோவ்'. அதனால் அங்கே பெயர் லெ கோஃப் ஆயிற்று. ஜெர்மானிய மொழி பேசிய அல்சாசில் அதே கொல்லன் ஷ்மித் ஆனான். ஆங்கிலேயரின் ஸ்மித், அரேபியரின் ஹத்தாத், ஹங்கேரியரின் கோவாக்ஸ் ஆகிய எல்லாம் பொருளால் இவர்களுக்குச் சகோதரப் பெயர்களே.

இவ்வடிவங்களை ஒரு நிலப்படத்தில் குறித்துப் பார்த்தால், பழைய மொழிகளின் எல்லைக்கோடுகள் ஏறத்தாழ அப்படியே தெரிகின்றன. பாறைப் படிவுகளில் உயிரினங்களின் சுவடு கிடைப்பதுபோல, பெயர்ப் படிவுகளில் மொழிகளின் சுவடு கிடைக்கிறது எனலாம்.

ஓர் ஊமை எழுத்தின் கதை

லெஃபெவ்ர் என்ற பெயரைப் பலர் எழுதும்போது நடுவே ஒரு 'பி' எழுத்தைச் சேர்ப்பார்கள். ஆனால் அதை ஒருவரும் உச்சரிப்பதில்லை. இந்த எழுத்து எப்படி வந்தது?

இடைக்காலத்து எழுத்தர்கள் லத்தீன் படித்தவர்கள். ஃபெவ்ர் என்பது ஃபாபெர் என்பதன் திரிபு என்று அவர்களுக்குத் தெரியும். மூலச்சொல்லின் நினைவாக ஒரு 'பி'யைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு இன்னொரு பயனும் இருந்தது. அக்காலத்தில் 'யு' எழுத்துக்கும் 'வி' எழுத்துக்கும் வேறுபாடு காட்டும் வழக்கம் இல்லை. இரண்டுக்கும் ஒரே வரிவடிவந்தான். முன்னால் 'பி' நின்றால், அடுத்து வருவது மெய்யெழுத்து என்று படிப்பவர் உணர்ந்துகொள்வார்.

நம் ஓலைச்சுவடிகளிலும் எகரமும் ஏகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டு, படிப்பவர் இடமறிந்து படிக்க வேண்டியிருந்ததை இங்கே ஒப்பிடலாம். ஆனால் எல்லாரும் இடமறிந்து படித்துவிடவில்லை. சிலர் அந்த எழுத்தை உயிரெழுத்தாகவே படித்து, ஊமையாக இருந்த 'பி'க்கும் ஒலி கொடுத்துவிட்டார்கள். விளைவு, 'லெஃபெபுய்ர்' என்ற புதிய குடும்பப்பெயர். ஒரு வாசிப்புப் பிழை தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெயராகிவிட்டது.

பெயர் உறைந்த காலம்

தொடக்கத்தில் லெஃபெவ்ர் என்பது பட்டப்பெயரே. ஒரே ஊரில் பத்து ழான்கள் இருந்தால், எந்த ழான் என்று கேட்க வேண்டியிருக்கும். 'கொல்லன் ழான்' என்றால் தெரிந்துவிடும். நம் சங்கப் புலவர்களை 'மதுரைப் பெருங்கொல்லன்' என்றும், 'தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார்' என்றும் அடையாளப்படுத்திய முறையும் இதுதான். அங்கே பதினோராம் நூற்றாண்டிலிருந்து சில நூற்றாண்டுகளில் இப்பட்டப்பெயர் சிறிது சிறிதாக மகனுக்கும் பேரனுக்கும் தொடரும் பெயராயிற்று. மகன் கொல்லனாக இல்லாமல் நெசவாளியாக இருந்தாலும் பெயர் கொல்லனே.

1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லே கொத்தரே என்ற இடத்தில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்குத் தேவாலயத்திலும் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. 1579-இல் வந்த இன்னோர் ஆணை திருமணத்தையும் அடக்கத்தையும் அதில் சேர்த்தது. 1792-இல், புரட்சிக் காலத்தில், பதிவேடுகள் கோயிலின் பொறுப்பிலிருந்து நகராட்சியின் பொறுப்புக்கு வந்தன. 1794-இல், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் கொள்ளலாகாது என்று சட்டம் வந்தது. அதனோடு, அதுவரை எழுத்துக்கு எழுத்து மாறிக்கொண்டிருந்த பெயர்கள் அந்தந்த நிலையில் உறைந்துவிட்டன. ஓர் எழுத்தர் 'பி' போட்டிருந்தால் அக்குடும்பம் 'பி'யோடு நின்றது. போடாவிட்டால் 'பி' இல்லாமல் நின்றது. உடன்பிறந்த இருவரின் வழிவந்தோர்கூட இரண்டு எழுத்துமுறைகளில் பிரிந்துபோனது இவ்வாறுதான்.

இப்பதிவேடுகளின் பயன் எத்தகையது என்றால், எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஏழை உழவனின் வழிவந்தவர்கூட, பல இடங்களில் பத்துத் தலைமுறைக்கு மேல் பின்னோக்கிச் சென்று தம் முன்னோரின் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரே பெயர், ஒரே குருதியா?

விலங்கியல் மாணவன் என்ற முறையில் எனக்கு எழுந்த கேள்வி இது. லெஃபெவ்ர் என்று பெயருள்ள எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவினரா?

அல்லர். பிறப்புப் பதிவுகளைக் கொண்டு தொகுத்த பட்டியல்களில், பிரான்சின் மிகப் பரவலான முதல் இருபது பெயர்களுக்குள் லெஃபெவ்ர் இடம்பெறுகிறது. அத்தனை பேருக்கும் ஒரே மூதாதை இருக்க முடியாது. ஊர்தோறும் உழவு இருந்தது. உழவு இருந்த இடமெல்லாம் கொல்லன் இருந்தான். கொல்லன் இருந்த இடமெல்லாம் இப்பெயர் தனித்தனியே பிறந்தது. உயிரியலில் வௌவாலின் சிறகும் பறவையின் சிறகும் தனித்தனியே தோன்றி ஒன்றுபோலத் தெரிவதைப் படிக்கிறோம் அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

இதற்கு நேர்மாறான பெயரும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மிகப் பரவலான பெயர் திராம்ப்ளே. அதைத் தாங்கிய பெருங்கூட்டம் 1647-இல் பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து வந்த பியேர் திராம்ப்ளே என்ற ஒரே மனிதரின் வழிவந்தது. ஒன்று பல வேர்களில் எழுந்த தோப்பு. மற்றொன்று ஒரே ஆலமரத்தின் விழுதுகள்.

தந்தைவழியே செல்லும் குடும்பப்பெயரும், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமும் ஒரே பாதையில் நடப்பவை. பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில், அரிய குடும்பப்பெயர் கொண்ட ஆண்களிடையே இக்குரோமோசோம் பெரிதும் ஒத்திருந்தது. ஸ்மித் என்ற பரவலான பெயர் கொண்டவர்களிடையே அத்தகைய ஒற்றுமை காணப்படவில்லை. கொல்லன் பெயருக்கு வேர்கள் பல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மேலும் ஒன்று. மக்கள்தொகை குறையாமல் இருந்தாலும், ஆண்வாரிசு இல்லாத குடும்பங்கள் சிலவேனும் தலைமுறைதோறும் இருக்குமாதலால், குடும்பப்பெயர்கள் சிறிது சிறிதாக மறைந்துகொண்டே போகும். இக்கணக்கை 1845-இல் பியேனேமே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆராய்ந்தார். பின்னர் கால்ட்டனும் வாட்சனும் அதைத் தனியே ஆராய்ந்து 1875-இல் வெளியிட்டனர். ஒரே வேர் கொண்ட பெயர் ஒரு குடும்பம் அற்றுப்போனால் அற்றுப்போகும். ஆயிரம் பட்டறைகளில் பிறந்த பெயர் அத்தனை எளிதில் அழிவதில்லை.

கடல் கடந்த பெயர்

இனி இப்பெயரின் பயணத்திற்கு வருவோம். பெயர் தானாக நடப்பதில்லை. துன்பத்தாலோ பசியாலோ துரத்தப்படும் மனிதனோடு நடக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சில் ஒரு பகுதியினர் புராட்டஸ்டண்டு நெறியைத் தழுவினர். இவர்களை ஹியூகினோக்கள் என்பர். நீண்ட உள்நாட்டுப் போருக்குப் பின், 1598-இல் நான்காம் ஆன்றி மன்னர் நாந்து ஆணையின் மூலம் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்தார். பதினான்காம் லூயி மன்னர் 1685 அக்டோபரில் அதை நீக்கினார். கோயில்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர். மற்றவர்கள் நாட்டை விட்டு வெளியேறவும் தடை. தப்பிச் செல்லும்போது பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களில் அடிமை வேலைக்கு அனுப்பப்பட்டனர். அப்படியும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் எல்லை தாண்டினர். இன்று உலகெங்கும் வழங்கும் 'ரெஃப்யூஜி', அதாவது அகதி, என்ற ஆங்கிலச் சொல்லே இவர்களோடு பிரெஞ்சிலிருந்து வந்ததுதான்.

கொல்லன் பெயர் கொண்டோர் 1685-க்கு முன்பே வெளியேறத் தொடங்கியிருந்தனர். சிமோன், ஆந்திரே என்ற லெஃபெவ்ர் உடன்பிறந்தார் இருவர் ஜெர்மனியின் ஃபால்ட்ஸ் பகுதியில் தங்கியிருந்து, பின் அமெரிக்கா சென்றனர். அங்கே 1677-இல் பன்னிரண்டு பேர் சேர்ந்து நியூயார்க் பகுதியில் எசோபஸ் பழங்குடியினரிடமிருந்து நிலம் வாங்கினர்; அப்பன்னிருவரில் இவ்விருவரும் உண்டு. தங்களுக்கு இடம் கொடுத்த ஜெர்மன் மண்ணின் நினைவாக அந்த ஊருக்கு நியூ பால்ட்ஸ் என்று பெயரிட்டனர். பிறந்த ஊரின் பெயரை வைக்காமல், அடைக்கலம் தந்த ஊரின் பெயரை வைத்தார்கள் என்பது என் மனத்தைத் தொட்டது. அவர்கள் தலைமுறையினர் கட்டிய கல்வீடுகள் அந்தத் தெருவில் இன்றும் நிற்கின்றன.

இங்கிலாந்து சென்ற கிளையும் தழைத்தது. வேதியியல் மாணவர்கள் அறியவேண்டிய ஒருவர் நிக்கொலா லெஃபெவ்ர். பாரிசில் அரசரின் மூலிகைத் தோட்டத்தில் வேதியியல் செயல்முறை காட்டியவர். 1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரால் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டு அங்கேயே தங்கி 1669-இல் இறந்தார். பின்னாளில், ஹியூகினோ வழிவந்த லெஃபெவ்ர் குடும்பத்துப் பெண் ஒருவரை மணந்த சார்லஸ் ஷா என்பவர், அக்குடும்பப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவர்களுடைய மகன் சார்லஸ் ஷா லெஃபெவ்ர் 1839 முதல் 1857 வரை ஆங்கில மக்களவையின் தலைவராக வீற்றிருந்தார். பெண்வழியாகவும் ஒரு பெயர் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

'கொல்லன் என்கிற ரொட்டிக்காரன்'

இன்னொரு கூட்டம் மேற்கே கனடாவுக்குச் சென்றது. 1608-இல் கியூபெக் நகரம் அமைந்தபின் பிரான்சிலிருந்து சில ஆயிரம் பேர் சென்று செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் குடியேறினர். அவர்களில் லெஃபெவ்ர் பெயருடையோர் பலர் இருந்தனர். ஒருவருக்கொருவர் உறவும் இல்லாதவர்கள். எனவே குழப்பம் நேர்ந்தது. அதைத் தீர்க்க அவர்கள் கண்ட வழி 'தி' என்ற சொல். அதன் பொருள், நம் பத்திரங்களில் எழுதுகிறோமே, அந்த 'என்கிற' என்பதுதான். படைவீரர்கள் லாஃப்ளேர், அதாவது பூ, லாதுசேர், அதாவது மென்மை, என்றெல்லாம் புனைபெயர் கொண்டிருந்தனர். லெஃபெவ்ர் குடும்பங்களில் ஒன்று 'லெஃபெவ்ர் என்கிற புலான்ழே' என்று பதிவாயிற்று. புலான்ழே என்றால் ரொட்டி சுடுபவன். ஆக, 'கொல்லன் என்கிற ரொட்டிக்காரன்'! இத்தகைய குடும்பங்களில் பின்னாளில் ஒரு கிளை முதற்பெயரை வைத்துக்கொள்ளும். மற்றொரு கிளை இரண்டாவதை வைத்துக்கொள்ளும். ஒரே தாத்தாவின் பேரர்கள் இரண்டு பெயர்களில் வாழ்வார்கள்.

1683-இல் ழாக் லெஃபெவ்ர் என்பவருக்குச் செயின்ட் பியேர் ஏரியின் தென்கரையில் ஒரு நிலப்பகுதி உரிமையாக வழங்கப்பட்டது. அந்த இடம் இன்றும் 'பே துய் ஃபெவ்ர்' என்றே வழங்குகிறது. கொல்லன் விரிகுடா என்று நாம் தமிழில் சொல்லலாம். விலங்கியல் மாணவர்களுக்கு அவ்வூர் வேறொரு வகையிலும் முக்கியமானது. ஆண்டுதோறும் இளவேனிலில் வடக்கு நோக்கிச் செல்லும் பனிவாத்துக் கூட்டங்கள் பெருந்திரளாக அங்கே தங்கிச் செல்கின்றன.

வலசை அத்தோடு நிற்கவில்லை. 1840-க்கும் 1930-க்கும் இடையில் பிரெஞ்சுக் கனடியர் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் எல்லை தாண்டி அமெரிக்கா சென்றனர். கனடாவில் நிலம் போதவில்லை. லோவல், மான்செஸ்டர், வூன்சாக்கெட் முதலிய ஊர்களில் நூற்பாலைகள் ஆள் தேடின. அங்கே ஆங்கிலேயக் கங்காணிகளுக்கும் எழுத்தர்களுக்கும் பிரெஞ்சுப் பெயர் வாயில் நுழையவில்லை. எனவே பெயர்கள் மொழிபெயர்க்கப்பட்டன. ருவா என்ற 'அரசன்' கிங் ஆனான். ஷார்ப்பாந்தியே என்ற 'தச்சன்' கார்ப்பென்டர் ஆனான்.

அப்படியானால் லெஃபெவ்ர் ஸ்மித் என்றல்லவா ஆகியிருக்க வேண்டும்? சில குடும்பங்கள் 'பீன்' ஆயின! ஃபெவ்ர் என்ற பழஞ்சொல் அதற்குள் மறந்துபோயிருந்தது. ஆனால் 'ஃபெவ்' என்றால் ஒருவகை அவரை என்று எல்லாருக்கும் தெரியும். அதை வைத்து மொழிபெயர்த்துவிட்டார்கள். ஐந்நூறு ஆண்டுகளாகச் சம்மட்டி பிடித்திருந்த பெயர் ஒரு பேனா முனையில் அவரைக்காய் ஆகிவிட்டது. படிக்கும்போது சிரிப்பு வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். கல்வியறிவில்லாத ஒரு தொழிலாளி, புதிய ஊரில், தெரியாத மொழியில், யாரோ எழுதிய பெயரைத் திருத்தக் கேட்கும் துணிவின்றி நின்றிருப்பான். அந்த நிலை நமக்குப் புதியதன்று. நம் பெற்றோரின் பெயர்கள் பள்ளிச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் வேறு வேறாக இருப்பது எப்படி நேர்ந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

நம் மண்ணில் பிரெஞ்சுப் பெயர்

பிரெஞ்சுக் குடும்பப்பெயர் முறை நம் தமிழ் மண்ணையும் தொட்டது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளிட்ட ஆணைப்படி, புதுச்சேரி முதலிய பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் வாழ்ந்தோர் தம் சாதி, சமய மரபுச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்றாயிற்று. அவ்வாறு ஏற்போர் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற பொன்னுத்தம்பி என்பவர் லாபோர்த் என்ற பெயரைக் கொண்டார். அதன் பொருள் வாயிற்கதவு. தலைமுறைதோறும் தந்தை பெயர் மாறிக்கொண்டேயிருந்த தமிழ்க் குடும்பங்கள் சில, ஒரே நாளில் மாறாத பெயரைப் பெற்றன.

கொல்லன் பெயருக்கும் நம் கடற்கரைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. சவோய் மலையில் ஆடு மேய்த்து வளர்ந்த பியேர் ஃபாவ்ர், பாரிசில் படித்தபோது அவருடைய அறைத்தோழராக இருந்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் நடுவே பணியாற்றியவர் அவர்தாம். இயேசு சபையைத் தொடங்கிய முதற்கூட்டத்தில் இருவரும் இருந்தனர். ஃபாவ்ர் 2013-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பெயரும் பிறப்பும்

இத்தேடலில் நான் கண்ட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. கொல்லன் என்ற பெயரைத் தாங்கியவர்களின் பட்டியலைப் பாருங்கள். பைபிளைப் பிரெஞ்சில் பெயர்த்து 1530-இல் முழுமையாக வெளியிட்ட அறிஞர் லெஃபெவ்ர் தேத்தாப்ல். லத்தீனில் எழுதும்போது அவர் தம் பெயரை மீண்டும் ஃபாபெர் என்றே எழுதினார். நெப்போலியனின் படைத்தலைவர்களுள் ஒருவரான மார்ஷல் லெஃபெவ்ர். இசைமேதை கேப்ரியல் ஃபோரே. 1895 முதல் 1899 வரை பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்த ஃபெலிக்ஸ் ஃபோர். எங்கள் பூச்சியியல் ஃபாப்ர். இருபதாம் நூற்றாண்டின் பெரும் பிரெஞ்சு வரலாற்றாசிரியர்களாகிய லுய்சியன் ஃபெவ்ர், ழோர்ழ் லெஃபெவ்ர், ழாக் லெ கோஃப் மூவரும் பெயரால் கொல்லர்களே! அரசர்களை விட்டு உழவர்களையும் ஏழைகளையும் வரலாற்றுக்குள் கொண்டுவந்தவர்கள் இம்மூவரும் என்பது பொருத்தமாக எனக்குத் தோன்றுகிறது.

இவர்களில் எவரையும் அப்பெயர் உலைக்களத்தில் கட்டிப்போடவில்லை. பெயரை மறைக்க வேண்டிய தேவையும் இவர்களுக்கு ஏற்படவில்லை. நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே தொழிலின் பெயர் பிறப்பின் பெயராகவும், பிறப்பின் பெயர் உயர்வு தாழ்வின் அளவுகோலாகவும் ஆகிவிட்டது. அதனால்தான் 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது. நம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் நிற்பது இந்த வரலாற்றின் பயனுமாகும். அது நல்லதே, சாதிப்பெயர் திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டத்தை நீக்கிய கையோடு, தொழிலையும் வெட்கப்படத்தக்கதாக நாம் எண்ணத் தொடங்கிவிட்டோமோ என்று ஐயுறுகிறேன்.

பிறரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'கூலி' என்று எழுதினேன். என் தந்தையார் ஒருநாளும் கூலிக்குப் போனவர் அல்லர். துருத்தி ஊதி, கொழு அடித்து, அரிவாள் தீட்டி, அந்த வருமானத்தில்தான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த முதல் ஆள் செய்த முதல் வேலை அவருடைய தொழிலை அழித்து எழுதியதுதான்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பட்டறையில் உட்கார்ந்து இந்த லெஃபெவ்ர் கதையை அப்பாவிடம் சொன்னேன். குறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அங்கேயும் நம்ம வேலைக்காரங்க அவ்வளவு பேரா இருக்காங்க?"

"இல்லப்பா. வேலை எப்பவோ போயிருச்சு. பேரு மட்டும்தான் இருக்கு."

"இங்க டிராக்டர் வந்ததுக்கப்புறம் வேலையும் போகுது, பேரும் நிக்காது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

அவருடைய தாத்தாவின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அதற்கும் முந்தியவர் பெயரைக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அவரும் இந்த உலையிலதான் இருந்தாரு" என்றார். பெயர் தெரியவில்லை. 1677-இல் நிலம் வாங்கிய சிமோன் லெஃபெவ்ரின் பெயர் எனக்குத் தெரியும். என் நான்காம் பாட்டனாரின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அப்பாவும் அத்தையும் சொல்லச் சொல்ல, நினைவில் எட்டிய பெயர்களை எல்லாம் எழுதினேன். மூன்று தலைமுறை, பதினேழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊரையும் தொழிலையும் குறித்தேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நமக்கு வில்லே கொத்தரே ஆணை இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறையாகிய நாம்தான் பதிவேடு.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பம் வந்தபோது, 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'இரும்புக் கொல்லர்' என்று எழுதிக் கொடுத்தேன்.